சிங்கப்பூருக்குச் சிகிச்சைக்கு வருவோருக்கு உதவும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டு நோயாளிகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துவந்து, சிகிச்சை முடித்து ஊருக்கு அனுப்பும் தொழிலைத் தொடங்க நினைக்கும் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில். வேறு நாணயம் வந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறோம்.

நாம டாக்டரும் இல்லை, ஆஸ்பத்திரியும் நம்மது இல்லை. அப்போ இதில் நம்ம வேலைதான் என்ன?

காகிதமும் நேரமும்தான் உங்கள் வேலை. நோயாளியின் மருத்துவக் கோப்பை ஒழுங்காகத் திரட்டுவது, பொருத்தமான சிறப்பு மருத்துவரின் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் வாங்குவது, செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுவது, விசா, தங்குமிடம், மொழிபெயர்ப்பு, மருத்துவமனையில் உடன் இருப்பது, வீடு திரும்பும்போது பில்லைச் சரிபார்ப்பது, ஊருக்குப் போன பிறகு அங்குள்ள மருத்துவரிடம் கோப்பை ஒப்படைப்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்தச் சேவை.

நோயைப் பற்றி நீங்கள் கருத்துச் சொல்லக் கூடாது. “இந்த ஆபரேஷன் போதும்”, “இந்த மாத்திரையை நிறுத்திடுங்க” என்று ஒரு வரி வாட்ஸாப்பில் போனாலும் எல்லை மீறல்தான். பயணத்துக்கு முன் ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கேள்வியை அவரிடம் கொண்டுபோய், பதிலை எழுத்தில் வாங்கித் தருவது உங்கள் பொறுப்பு.

கம்பெனி பதிவு போதுமா, தனி லைசென்ஸ் வேணுமா?

ஆக்ராவில், அதாவது நிறுவனங்களைப் பதிவுசெய்யும் ஆணையத்தில், பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. தனியார் நிறுவனமாகப் பதிந்தால் உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். நிறுவனச் செயலாளரை 6 மாதத்துக்குள் நியமிக்க வேண்டும். செலுத்திய மூலதனம் 1 வெள்ளி இருந்தாலும் பதிவாகும். ஆண்டு வருவாய் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிவு கட்டாயம்.

உரிமம் தேவையா என்பது நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சந்திப்பு நேரம் வாங்கித் தருவதும் உடன் இருப்பதும் மட்டும் என்றால் பயண முகவர் உரிமம் வேண்டியதில்லை. “விமான டிக்கெட், ஹோட்டல், வண்டி எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று தொகுப்பாக விற்ற நிமிடமே பயண முகவர் சட்டம் வந்துவிடும். பயணத்துறைக் கழகத்தின் பொது உரிமத்துக்கு 100,000 வெள்ளி மூலதனம் காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் டிக்கெட்டையும் அறையையும் நோயாளி குடும்பமே நேரடியாகப் பதிவுசெய்யும்படி விட்டுவிடுவது நல்லது. அல்லது உரிமம் உள்ள முகவரிடம் அனுப்பிவிடுங்கள். மருந்து கொடுப்பது, காயத்துக்குக் கட்டு மாற்றுவது, ஸ்ட்ரெச்சரில் ஏற்றிச் செல்வது ஆகியவை உங்கள் வேலை அல்ல. அவற்றை அதற்கான தகுதியும் உரிமமும் பெற்றவர்களிடமே விடுங்கள்.

நான் எஸ் பாஸில் இருக்கேன். சனி ஞாயிறு மட்டும் இதைச் செய்யலாமா?

கூடாது. எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் இரண்டுமே குறிப்பிட்ட முதலாளியிடம் குறிப்பிட்ட வேலை செய்யத் தரப்பட்டவை. ஊரிலிருந்து வரும் மாமாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது உறவு. அதற்குக் காசு வாங்கினால் அது வேலை. டிபெண்டண்ட் பாஸில், அதாவது வேலை பார்ப்பவரின் குடும்பத்தினருக்கான அனுமதியில், இருப்பவர்களும் 2021 மே மாதத்துக்குப் பிறகு வேலை பார்க்க அவர்களுக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். சொந்தத் தொழில் நடத்துவோருக்கு வேறு வழி உண்டு. அதில் பங்கு அளவு, உள்ளூர் ஊழியரை வேலைக்கு எடுப்பது என்று நிபந்தனைகள் இருக்கின்றன. மனிதவள அமைச்சிடம் முதலில் கேட்டுவிட்டு மற்றதை யோசியுங்கள்.

சென்னையிலேயே இவ்வளவு ஆஸ்பத்திரி இருக்கே. யார் இங்கே வருவாங்க?

சரியான கேள்வி. முட்டி மாற்று, கண்புரை, சாதாரண இதய அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டிலிருந்து யாரும் இங்கே வர வேண்டியதில்லை. அங்கே தரமும் உண்டு, செலவும் பல மடங்கு குறைவு. தமிழ்நாட்டுச் சந்தையை நம்பித் தொடங்குபவர்கள் முதல் ஆண்டிலேயே சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

சிங்கப்பூருக்கு அதிகம் வருவோர் இந்தோனேசியர்கள். பாத்தாமிலிருந்து ஹார்பர்ஃபிரண்டுக்கு ஃபெரியில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மலேசியா, மியன்மார், பங்ளாதேஷ், இலங்கையிலிருந்தும் வருகிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு மேடான், யங்கூன், கொழும்பு ஆகிய இடங்களில் உறவும் தொடர்பும் இருந்தால் அதுதான் முதல் முதலீடு. நோய் வகையில் பார்த்தால் சிக்கலான புற்றுநோய், கல்லீரல், குழந்தைகளின் அரிய நோய்கள், இரண்டாம் கருத்து ஆகியவற்றுக்கு வருவோரே அதிகம் பயன் பெறுகிறார்கள். 2023 முதல் இங்கே புற்றுநோய்க்கான புரோட்டான் கதிர்ச் சிகிச்சையும் கிடைக்கிறது. மலிவு தேடி வருபவருக்குப் பினாங்கு, மலாக்கா, பேங்காக் எல்லாம் இருக்கின்றன. விலையில் அவற்றோடு போட்டி போட முடியாது.

கோப்பு கோப்புன்னு சொல்றீங்களே, அதில் என்னென்ன இருக்கணும்?

இரண்டு பக்கச் சுருக்கம் மேலே இருக்கட்டும்: வயது, எடை, உயரம், எப்போது என்ன அறிகுறி தொடங்கியது, இதுவரை செய்த சிகிச்சைகள் தேதி வரிசையில், இப்போது சாப்பிடும் மருந்துகளின் மூலப்பெயரும் அளவும், ஒவ்வாமை. வணிகப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ஊருக்கு ஊர் அது மாறும். அதன்கீழ் ரத்தப் பரிசோதனை முடிவுகள். கிரியேட்டினின் அளவு கட்டாயம் வேண்டும். சாயம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனுக்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

அதிகம் தவறு நடப்பது ஸ்கேனில். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பிடித்துக் கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்புவார்கள். ஜன்னல் கம்பி நிழல் ஈரலின் மேல் விழுந்திருக்கும். கதிரியக்க மருத்துவருக்கு அது பயன்படாது. ஸ்கேன் எடுத்த இடத்தில் டைகாம் கோப்புகளாக, அதாவது மருத்துவர்கள் கணினியில் திறக்கும் மூலப் படங்களாக, சிடியிலோ இணைப்பாகவோ கேட்டு வாங்கச் சொல்லுங்கள். புற்றுநோய் என்றால் பயாப்சி எனும் திசுப் பரிசோதனையின் அறிக்கையோடு, அந்தத் திசு இருக்கும் கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டையும் வேண்டும். இங்குள்ள மருத்துவர் பெரும்பாலும் அவற்றை மறுபடி பார்க்கச் சொல்வார். அவை ஊரிலேயே தங்கிவிட்டால் மீண்டும் திசு எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரமும் சில ஆயிரம் வெள்ளியும் போகும்.

எஸ்டிமேட் ஒண்ணு, கடைசி பில் ஒண்ணுன்னு வருதே. ஏன்?

மதிப்பீட்டுத் தாளில் எது இல்லை என்று பார்க்காததால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. ஒரு முழு மதிப்பீட்டில் அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், துணை அறுவை மருத்துவர் இருந்தால் அவருடையது, அறுவை அறைக் கட்டணம், உடலில் பொருத்தும் கருவிகள், வார்டு ஒரு நாளுக்கு எவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஒரு நாளுக்கு எவ்வளவு, மருந்து, பயன்படுத்தி எறியும் பொருட்கள், ஆய்வகம், ஸ்கேன், அறுவைக்குப் பின் பார்க்கும் சந்திப்புகள், 9% பொருள் சேவை வரி எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு நாட்களும் எடுத்த திசுவைப் பரிசோதிக்கும் செலவும்தான் அடிக்கடி விடுபடும். சுற்றுப்பயணிகள் கடையில் வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறுவார்களே, அது மருத்துவ பில்லுக்குக் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு குழப்பம்: மவுண்ட் எலிசபெத், கிளெனீகல்ஸ் போன்ற தனியார் மருத்துவமனைகளில் பல சிறப்பு மருத்துவர்கள் சொந்தக் கிளினிக் நடத்துபவர்கள். மருத்துவமனை ஒரு பில் தரும், மருத்துவர் தனியாக ஒரு பில் தருவார். இரண்டையும் கூட்டாமல் குடும்பத்திடம் ஒரு தொகை சொன்னால் கடைசி நாளில் சண்டை வரும். ராஃபிள்ஸ் போலக் குழுவாக மருத்துவர்களை வைத்து நடத்தும் இடத்தில் இந்தப் பிரச்சினை குறைவு.

மருத்துவர் கேட்பது நியாயமான தொகையா என்று தெரிய ஒரு வழி உண்டு. சுகாதார அமைச்சு 2018 முதல் தனியார் துறைக்கான கட்டண அளவுகோல்களை வெளியிடுகிறது. அறுவையின் குறியீட்டை வைத்துத் தேடினால் வழக்கமாக வாங்கும் தொகையின் கீழ் எல்லையும் மேல் எல்லையும் கிடைக்கும். மதிப்பீடு மேல் எல்லையைத் தாண்டினால் காரணத்தைக் கேளுங்கள். சிக்கலான நோயாக இருந்தால் காரணம் இருக்கும்.

டாக்டர்கிட்ட எத்தனை பர்செண்ட் கமிஷன் கேட்கலாம்?

ஒரு விழுக்காடும் கேட்கக் கூடாது. இந்தத் தொழிலில் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான். சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016 நெறிமுறைப்படி, நோயாளிகளை அனுப்பிவைக்கும் சேவைகளுக்கு, மருத்துவர் தான் செய்யும் சிகிச்சையையோ வாங்கும் கட்டணத்தையோ அடிப்படையாக வைத்துப் பணம் கொடுக்கக் கூடாது. அது கட்டணப் பங்கீடு. 2017 ஜூலையிலிருந்து இது நடைமுறைக்கு வந்துவிட்டது. உண்மையில் செய்த நிர்வாக வேலைக்கு ஈடான நிலையான தொகைக்கு மட்டும் இடம் உண்டு. மாட்டினால் ஒழுங்கு நடவடிக்கை மருத்துவர் மேல் பாயும். அதனால் விவரம் தெரிந்த மருத்துவர் உங்களிடமிருந்து ஒதுங்கிவிடுவார்.

விதியை விடுங்கள், தொழில் கண்ணோடு பாருங்கள். பில் ஏறினால் உங்கள் வருமானம் ஏறும் என்றால், மூன்று நாள் வார்டு போதுமா ஐந்து நாள் வேண்டுமா என்ற கேள்வியில் நீங்கள் யார் பக்கம்? நோயாளி குடும்பம் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். கண்டுபிடித்துவிட்டால் அந்த ஊரிலிருந்து இன்னொருவர் வரமாட்டார். நீங்கள் நோயாளியின் ஆள். உங்கள் கூலியை நோயாளி தரட்டும், அதுவும் பில்லோடு சம்பந்தமில்லாத நிலையான தொகையாக, ரசீதோடு.

அப்படின்னா நோயாளிகிட்ட எவ்வளவு வாங்கறது?

மணிக்கணக்கு போடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: கோப்பு திரட்ட 4 மணி நேரம், சந்திப்பும் மதிப்பீடும் வாங்க 3, விமான நிலையம் இரு முறை 4, மருத்துவமனையில் உடன் இருக்க 10, வீடு திரும்பும் நாள் 3, ஊருக்குப் போனபின் 3. மொத்தம் 27 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தின் அடக்கம் 40 வெள்ளி என்றால் 1,080 வெள்ளி. காப்புறுதி, தொலைபேசி, கணக்காளர் செலவையும் சேர்த்தால் 1,500 வெள்ளிக்குக் குறைந்து செய்தால் நஷ்டம்.

விசாரிப்பவர்கள் எல்லாரும் வரமாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு விசாரணையும் உங்கள் மாலை நேரத்தைத் தின்னும். அதனால் கோப்புப் பார்வைக்கென்று ஒரு சிறு கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிட்டு, நோயாளி வந்தால் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்டதும் நின்றுவிடுபவர் பெரும்பாலும் வரப்போவதில்லை. உடன் இருக்கும் மணி நேரம் கூடினால் என்ன விலை என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இரண்டு நாள் என்று வந்தவர் மூன்று வாரம் படுப்பது இங்கே வழக்கம்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட முடியுமா? அங்கே செலவு கம்மிதானே?

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் மானியம். வெளிநாட்டவர் மானியம் இல்லாத முழுக் கட்டணம் கட்ட வேண்டும். மேலும், வெளிநாட்டு நோயாளிகளை அழைத்துவரும் முகவர்களுடன் பொது மருத்துவமனைகள் வைத்திருந்த ஒப்பந்தங்களை நிறுத்தும்படி 2018இல் சுகாதார அமைச்சு சொல்லிவிட்டது. பொது மருத்துவமனைகள் முதலில் உள்ளூர் மக்களுக்கு. அங்கே மட்டுமே கிடைக்கும் சிகிச்சைக்கு நோயாளி சொந்தமாக விண்ணப்பித்தால் நீங்கள் துணையாகப் போகலாம். அதைத் தொழிலின் அடித்தளமாக வைக்காதீர்கள்.

விசா, தங்குற நாள் எல்லாம் எப்படி?

இலங்கை, இந்தோனேசியா, மலேசியாக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை. இந்தியா, பங்ளாதேஷ் கடவுச்சீட்டுக்குத் தேவை. விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி, நிராகரித்தாலும் திரும்பாது. மருத்துவரின் சந்திப்புக் கடிதம், மதிப்பீடு, பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றோடு விண்ணப்பித்தால் கேள்விகள் குறையும். உடன் வருபவரின் விண்ணப்பத்தையும் சேர்த்தே போடுங்கள். நோயாளிக்குக் கிடைத்துத் துணைக்குக் கிடைக்காமல் போனால் பயணமே நிற்கும். எல்லாரும் வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் இணையதளம் போலி.

தரும் நாட்கள் சிகிச்சைக்குப் போதாவிட்டால், காலாவதிக்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு குடிநுழைவு ஆணையத்திடம் நீட்டிப்புக் கேளுங்கள். மின்னஞ்சலில் வந்த கடைசித் தேதியை முதல் நாளே உங்கள் நாட்காட்டியில் குறித்து, ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை வையுங்கள். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்குத் தேதி நினைவிருக்காது.

சாப்பிடும் மருந்துகளை 3 மாத அளவுக்குள் கொண்டுவரலாம். மார்ஃபின், கோடீன், தூக்க மாத்திரை வகைகளில் சிலவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். புற்றுநோயாளிகளிடம் மார்ஃபின் இருப்பது சாதாரணம். இரண்டு மூன்று வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

தேக்கா பக்கத்தில் நம்ம வீவக வீடு ஒரு ரூம் காலியா இருக்கு. நோயாளி குடும்பத்தை அதில் தங்கவைக்கலாமா?

கூடாது. வீவக வீட்டை, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டை, சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட முடியாது. குறைந்தபட்ச வாடகைக் காலமே 6 மாதம். தனியார் அடுக்குமாடி என்றாலும் 3 மாதத்துக்குக் குறைந்து விடக் கூடாது. பிடிபட்டால் வீவக வீட்டையே இழக்கும் அளவுக்குப் போகலாம். ஒரு வாரத்துக்கு மேல் என்றால் சர்வீஸ் அபார்ட்மெண்ட், குறைவு என்றால் ஹோட்டல்.

இடம் தேர்வதில் கவனம் வையுங்கள். ஃபேரர் பார்க் மருத்துவமனையும் ஹோட்டலும் ஒரே கட்டடத் தொகுதியில், எம்ஆர்டி ரயில் நிலையத்தின் மேலேயே இருக்கின்றன. வெளியே வந்தால் இட்லி கிடைக்கும், ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு நடந்தே போகலாம். நோயாளியின் மனைவி தனியாகச் சாப்பிட்டு, கோயிலுக்குப் போய், திரும்பி வர முடிகிறது என்றால் உங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி குறைந்துவிடும். நொவீனாவில் மருத்துவமனைகள் நெருக்கமாக இருந்தாலும் சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும்.

ஏர்போர்ட்டிலிருந்து என் சொந்தக் காரில் கூட்டி வரலாமா?

காசுக்குக் கூடாது. தனிக் கட்டணமாக வாங்காமல் சேவைத் தொகைக்குள் அடக்கினாலும் அது கூலிக்கு ஏற்றுவதுதான், வண்டியே பறிமுதலாகலாம். காப்புறுதியும் கைவிடும். டாக்சி அல்லது உரிமம் பெற்ற வாடகை வண்டியில் நீங்களும் உடன் ஏறிக்கொள்ளுங்கள்.

பணத்தை எங்க கம்பெனி கணக்கில் வாங்கி நாங்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டலாமா?

வேண்டாம். முன்பணம் நோயாளியின் கணக்கிலிருந்து மருத்துவமனைக் கணக்குக்கு நேராகப் போகட்டும். மீதி இருந்தால் வந்த வழியே திரும்பும். உங்கள் கணக்கு நடுவில் நின்றால் வங்கியும் கேள்வி கேட்கும், குடும்பமும் சந்தேகப்படும்.

தனியார் மருத்துவமனையில் வெளிநாட்டவர் மதிப்பீட்டுக்கு ஏற்ற முன்பணம் கட்டிய பிறகே படுக்கை. வெளிநாட்டுக் காப்புறுதி இருந்தால் நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கேட்டால் திங்கட்கிழமைதான் வரும் என்று கணக்குப் போடுங்கள். இந்தியாவிலிருந்து அனுப்புபவர் வங்கியில் “மருத்துவச் சிகிச்சை” என்ற நோக்கத்தைச் சரியாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு 250,000 அமெரிக்க டாலர் என்ற பொது வரம்புக்கு மேல் போனாலும் மருத்துவமனை மதிப்பீட்டைக் காட்டி அனுப்ப முடியும். ரொக்கமாகக் கொண்டுவருபவர்கள் 20,000 வெள்ளி மதிப்பைத் தாண்டினால் நுழையும்போது அறிவிக்க வேண்டும். அண்ணன், தம்பி, மைத்துனர் என்று பையில் பிரித்துக் கொண்டுவருவதைத் தந்திரமாக நினைக்காதீர்கள்.

ஃபேஸ்புக்கில் “சிங்கப்பூரின் நம்பர் ஒன் டாக்டர்”னு போட்டா என்ன?

சுகாதாரச் சேவையை விளம்பரம் செய்யும் உரிமை உரிமம் பெற்ற கிளினிக்குக்கும் மருத்துவமனைக்கும்தான். “சிறந்த”, “முதல்தர” போன்ற ஒப்பீட்டுப் புகழ்ச்சி, சிகிச்சைக்கு முன் பின் படங்கள், நோயாளி பாராட்டும் காணொளி எல்லாம் விதிப்படி செல்லாது. நீங்கள் போட்டாலும் சிக்கல் அந்த மருத்துவர் வரை போகும்.

உங்கள் சேவையை மட்டும் பேசுங்கள். கோப்பை எப்படித் தயாரிப்பது, மதிப்பீட்டை எப்படி வாசிப்பது, விசாவுக்கு எவை வேண்டும் என்று தெளிவாக எழுதினால், தேடி வருபவர் அதையே நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்.

வாட்ஸாப்பில் ரிப்போர்ட் வாங்குறது தப்பா?

அனுப்புவது நோயாளி. அதன்பின் அதைக் காப்பது நீங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் நிறுவனத்தில் அதற்குப் பொறுப்பான ஒருவரை நியமிக்க வேண்டும். ஒரே ஆள் நிறுவனம் என்றால் அது நீங்களே. எதற்காக வாங்குகிறீர்கள், யாரிடம் காட்டுவீர்கள் என்று எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். குடும்பக் குழுவில், நண்பர் குழுவில் “இதைப் பாருங்க” என்று பகிரக் கூடாது. வேலை முடிந்ததும் கைப்பேசியிலிருந்து நீக்கி, கடவுச்சொல் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். கைப்பேசி தொலைந்தால் முந்நூறு பேரின் ரகசியம் தொலையும்.

“அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க”ன்னு மகன் கேட்கிறார். மொழிபெயர்க்கும்போது என்ன செய்யறது?

மருத்துவர் சொல்வதை மாற்றக் கூடாது. “கட்டி” என்று மருத்துவர் சொன்னால் கட்டி, “புற்று” என்று சொன்னால் புற்று. நீங்கள் மென்மையாக்கிச் சொன்னதை வைத்து அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்துக்கு அர்த்தமில்லை. கீமோ என்றால் என்னவென்று தெரியாமலே நாற்காலியில் உட்காரும் மனிதரின் முகம், மூன்றாவது முறை முடி உதிரும்போது எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும்.

சந்திப்புக்கு முந்தைய நாளே மகனிடம் பேசுங்கள். இந்த விருப்பத்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். அனுபவம் உள்ள மருத்துவர் முதலில் நோயாளியிடமே “உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும், யாரிடம் பேச வேண்டும்?” என்று கேட்டு வழி கண்டுவிடுவார். ஒப்புதல் கையெழுத்து நேரத்தில் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்குங்கள்.

கிட்னி மாற்று, குழந்தைப்பேறு சிகிச்சைக்கு ஆள் வர்றாங்க. எடுத்துக்கலாமா?

மிகுந்த கவனத்தோடு. உறுப்பு விற்பது, வாங்குவது, இடையில் நிற்பது மூன்றுமே மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் குற்றம். இடைத்தரகருக்கு 10 ஆண்டு வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம். உயிரோடு இருப்பவர் தானம் தர வேண்டுமென்றால் நெறிமுறைக் குழு நோயாளியையும் கொடையாளியையும் விசாரிக்கும். “உறவினர்” என்று அழைத்துவரும் கொடையாளியோடு உங்களுக்கு எந்தப் பணத் தொடர்பும் இருக்கக் கூடாது. கொடையாளியைத் தேடித்தரச் சொன்னால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

குழந்தைப்பேறு சிகிச்சை சட்டப்படி மணமான தம்பதிக்கு மட்டும். திருமணச் சான்றை முன்பே வாங்கி மொழிபெயர்த்து வையுங்கள். வாடகைத் தாய், ஆண் பெண் தேர்வு இரண்டும் இங்கே கிடையாது. இதற்காகவே வருபவர்களிடம் விமான டிக்கெட் வாங்கும் முன்பே சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு எப்போ விமானம் ஏறலாம்?

மருத்துவர் எழுத்தில் சொல்லும் நாளில். பெரிய வயிற்று அறுவைக்குப் பின் சுமார் 10 நாட்கள் என்பது விமான நிறுவனங்களின் பொதுவான கணக்கு. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் உயரத்தில் அது விரியும். ஆக்சிஜனோ ஸ்ட்ரெச்சரோ தேவைப்பட்டால் மெடிஃப் எனும் பயணியின் உடல்நிலைப் படிவத்தை மருத்துவர் நிரப்பி விமான நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டையே எடுக்கச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: வீடு திரும்பும் சுருக்கம், அறுவைக் குறிப்பு, திசு முடிவு, உடலில் வைத்த கருவியின் அட்டை, ஸ்கேன் கோப்புகள், மூலப்பெயரில் மருந்துப் பட்டியல். ஊர் மருத்துவரின் பெயரைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டு வைத்திருந்தால், தையல் பிரிக்கும் நாளில் யாரும் அலைய மாட்டார்கள்.

நோயாளி இங்கேயே இறந்துட்டா?

அதற்கான பக்கத்தை முதல் நோயாளி வரும் முன்பே எழுதி வையுங்கள். மரணத்தை மருத்துவர் இணையவழி சான்றளிப்பார். 2022 மே மாதம் முதல் மரணச் சான்றிதழ் மின்வடிவில் கிடைக்கிறது. உடலை ஊருக்கு அனுப்ப, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான சான்று, பெட்டி ஏற்றுமதி அனுமதி, அந்நாட்டுத் தூதரகத்தின் கடிதம், விமானச் சரக்குப் பதிவு ஆகியவை வேண்டும். இறுதிச் சடங்கு நிறுவனங்கள் இவற்றைச் செய்வார்கள். நம்பகமான இருவரின் எண்ணைக் கையில் வையுங்கள். இங்கே மண்டாயில் உள்ள தகனச் சாலையில் தகனம் செய்து அஸ்தியை எடுத்துச் செல்லும் வழியும் உண்டு, செலவும் குறைவு. எதைத் தேர்வது என்பது குடும்பத்தின் முடிவு. அந்த இரவில் நீங்கள் விலையைப் பற்றிப் பேசாமல், இரண்டு வழியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

இங்கே இருக்கிறவங்களைச் சென்னைக்கு, மதுரைக்கு அனுப்பும் தொழில் எப்படி?

தேவை உண்டு, குறிப்பாகப் பல் மற்றும் முழு உடல் பரிசோதனைக்கு. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர் இந்திய மின் மருத்துவ விசா எடுக்கலாம். துணைக்கு இருவர் வரை தனி விசா. பலர் தவறாக நினைப்பது, சிங்கப்பூரர்களின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பற்றி. வெளிநாட்டில் அதைப் பயன்படுத்தும் திட்டம் 2010 முதல் உண்டு, ஆனால் அது மலேசியாவில் அங்கீகரிக்கப்பட்ட சில மருத்துவமனைகளுக்கு மட்டும். இந்தியாவுக்குச் செல்லாது. திரும்பி வந்தபின் சிக்கல் வந்தால் இங்கே யார் பார்ப்பார் என்பதையும் அனுப்பும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

ரெண்டு மூணு வருஷத்துல இதை எப்படிப் பெருசாக்குறது?

ஒரு பேரேடு போடுங்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மதிப்பீடு எவ்வளவு, கடைசி பில் எவ்வளவு, வித்தியாசம் எந்த வரியில் வந்தது, எத்தனை நாள் கூடுதல், உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆனது. நாற்பது பேர் முடிந்ததும், எந்தச் சிகிச்சைக்கு மதிப்பீட்டோடு எவ்வளவு கூட்டிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பெரிய தனியார் குழுமங்களுக்கு வெளிநாடுகளில் சொந்த அலுவலகங்களே உண்டு. ஆனால் அவை தங்கள் மருத்துவமனையைத்தான் காட்டும். எந்தப் பக்கமும் சாயாமல் மூன்று மதிப்பீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க உங்களால் முடியும்.

எல்லா நாட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள். ஓர் ஊர், இரண்டு நோய் வகை. அந்த ஊரிலுள்ள பொது மருத்துவர்களுக்கு, அவர்கள் அனுப்பிய நோயாளியின் அறிக்கை தவறாமல் திரும்பிப் போனால் அடுத்தவரையும் அனுப்புவார்கள். முன்பு கமிஷன் பற்றிச் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும். அறிக்கை அனுப்புங்கள், உறை அனுப்பாதீர்கள். மாதம் ஐந்து பேருக்கு மேல் போனால் இரண்டாவது ஆள் வேண்டும், முதலில் இரவு நேர அழைப்புக்கு. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியை அதற்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

கடைசிக் கட்டம்னு ஊர்ல சொல்லிட்டாங்க, வீட்டை வித்தாவது சிங்கப்பூர் வர்றோம்னு கெஞ்சுறாங்க. கூட்டி வரலாமா?

முதலில் கோப்பு மட்டும் வரட்டும். மேலே சொன்ன முழுக் கோப்போடு இங்குள்ள மருத்துவரிடம் எழுத்தில் இரண்டாம் கருத்து வாங்குங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ஊரில் கிடைக்காத எது இங்கே கிடைக்கும், அதனால் எவ்வளவு காலம் அல்லது எவ்வளவு நிம்மதி கூடும், பயணத்தை உடல் தாங்குமா. பதிலைக் குறைக்காமல் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுங்கள்.

பயனில்லை என்று பதில் வந்தால், வீட்டை விற்க வேண்டாம் என்று நேராகச் சொல்லுங்கள். வலி குறைக்கும் சிகிச்சை அவர்கள் ஊருக்கு அருகில் எங்கே கிடைக்கும் என்று தேடி, அந்த எண்ணைக் கொடுங்கள். கோப்புப் பார்வைக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் வாங்காதீர்கள்.